லயம்

நீலகிரித் தோட்டங்களில் 'லைன்' என்றால் ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் வயதான பெண்கள் வாயில் அது 'லயம்'. இரண்டுக்கும் வேர் ஒரே ஆங்கிலச் சொல். இலங்கையின் மலையகத்தில் அது லயன் ஆகி, பிறகு மகர ஈறு பெற்றது. இசை லயத்துக்கும் இதற்கும் உறவில்லை. குதிரை லாயத்தோடு சேர்த்துச் சொல்வோரும் உண்டு. அந்த அறைகளைப் பார்த்தவர்களுக்கு அப்படித் தோன்றியதில் வியப்பென்ன? ஆனால் பிறப்பு வேறு. படைமுகாம்களில் சிப்பாய்களின் குடில் வரிசையை வெள்ளையர் லைன் என்றார்கள். தோட்டக் கூலிகளுக்கும் அதே பெயரைப் போட்டார்கள்.

உள்ளே போனால் சொற்கள் இன்னும் பேசும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை 'காம்பரா', போர்த்துக்கீசியம். முன் தாழ்வாரம் 'இஸ்தோப்பு', டச்சுக்காரர் விட்டுப்போனது. அந்த இஸ்தோப்பின் மூலையில் அடுப்பு மூட்டி, இருட்டிலேயே ரொட்டி தட்டி, கைக்குழந்தையைப் 'பிள்ளைக்காம்பரா'வில் விட்டுவிட்டுத்தான் பெண்கள் பெரட்டுக்கு ஓடினார்கள். பெரட்டு என்பது காலையில் ஆள் எடுக்கும் இடம். அதுவும் படைச்சொல்தான்: பரேடு.

1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று முடிவாயிற்று. தலைமன்னாரில் கப்பலேறி, மண்டபம் முகாம் வழியாக நீலகிரிக்கு வந்தவர்களுக்காக 1968-இல் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பின்னாளில் டேன்டீ என்ற அரசு தேயிலை நிறுவனம். சேரம்பாடி, சேரங்கோடு, நெல்லியாளம், கோத்தகிரி என்று காட்டைத் திருத்தி நாற்று நட்டதிலும், அந்தச் செடி வளர்ந்தபின் ஆண்டு முழுக்கக் கொழுந்து பறித்ததிலும் பெண்களின் கைதான் முன்னே நின்றது. ஊர் புதிது, குளிரும் அட்டையும் பழையவை. அங்கேயும் குடியிருக்கக் கிடைத்தது லைன்தான்.

காட்டைத் திருத்தியவளுக்கு நிலம் சொந்தமான இடமும் உண்டு: அமெரிக்காவின் மேற்கில் குடியேறியவர்களுக்கு 1862-இல் ஒரு சட்டம் வந்தது. 21 வயதான, மணமாகாத பெண்ணோ கைம்பெண்ணோ தன் பெயரிலேயே 160 ஏக்கர் கேட்கலாம். ஐந்தாண்டு குடியிருந்து உழுதால் நிலம் அவளுடையது. அது பழங்குடிகளிடமிருந்து பறித்த நிலம் என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் குடியேறியவளின் உழைப்புக்குப் பத்திரம் உண்டு என்று அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. லயம் அப்படி எதையும் ஒப்புக்கொள்ளாத சொல். வேலை இருக்கும்வரைதான் காம்பரா. ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். 2022-இல் டேன்டீ நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித்தர அரசு ஆணையிட்டபோது, அதில் கொழுந்து பறித்த பெண்களிடம் எடுத்துக் காட்ட ஒரு துண்டுப் பட்டாகூட இல்லை.