கொலைத்தொழிலும் கடமையுணர்ச்சியும்

கொலையைத் தொழிலாகவோ கடனாகவோ மேற்கொண்ட ஒருவனைத் தலைவனாக்கி, அவன் படும் சங்கடங்களையும் தோல்விகளையும் வாசகன் வாய்விட்டுச் சிரிக்கும்படி விவரித்து, சோதிடமும் மாயமும் மெய்யாகவே பலிக்கின்ற கற்பனையுலகில் அவனை நடமாட விடும் கதைகள் ஆங்கில இலக்கியத்தில் ஒரு தனி வம்சமாகவே வளர்ந்திருக்கின்றன. அவற்றில் ஈடுபட்டவர்கள் படித்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை. நண்பர் கையில் வலியத் திணிக்கிறார்கள், நாடகமாக்கி நடிக்கிறார்கள், பாத்திரங்களின் பேச்சை மனப்பாடமாகச் சொல்லி மகிழ்கிறார்கள். உயிரைப் பறிப்பதைக் காட்டிலும் கொடிய பாவம் வேறில்லை என்று பாலப் பருவம் முதல் கேட்டு வளர்ந்து, வீட்டு எலியைக்கூடத் தம் கையால் அடிக்கத் தயங்கும் சாதுக்களும் இக்கதைகளின் பரம ரசிகர்களாக இருக்கிறார்கள் என்பதே ஆராயத்தக்க விஷயம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் சமாதானங்கள் இரண்டு. நாகரிகப் போர்வைக்குள் உறங்கும் ஹிம்ஸை வேட்கைக்கு இவை வடிகாலாகின்றன என்பது ஒன்று. நித்திய வாழ்வின் அலுப்பிலிருந்து தப்பியோடும் ஆசைக்கு இவை இடமளிக்கின்றன என்பது மற்றொன்று. முன்னது உண்மையானால், ரத்தம் தாராளமாகச் சிந்தும் கதைகளே அதிக உவகை தரவேண்டும்; இவற்றிலோ கொலை பெரும்பாலும் நடப்பதே இல்லை, நடந்தாலும் இரண்டொரு வாக்கியங்களில் முடிந்துவிடுகிறது. பின்னது உண்மையானால், கதையுலகம் நம் உலகத்துக்கு நேர்மாறாக இருக்கவேண்டும். அங்கேயோ ரசீதுகளும் தேர்வுகளும் விலைக் கணக்குகளும் மலிந்து கிடக்கின்றன. எதற்காக என்று ஒருபோதும் கேட்டுக்கொள்ளாத கடமையுணர்ச்சி, கொலையின் வேஷத்தில் மேடையேறும்போது, அதைத் தம் சொந்த வாழ்க்கையின் உறவுக்காரனாக அடையாளம் கண்டுகொள்வதனால்தான் வாசகர் சிரிக்கின்றனர் என்பது என் கருத்து.

இதை நிறுவுவதற்கு ஆஸ்கர் வைல்டின் 'லார்டு ஆர்தர் ஸாவிலின் குற்றம்' என்னும் குறுநாவலைக் காட்டிலும் சிறந்த சான்று இல்லை. 1887 மே மாதத்தில் ஒரு லண்டன் பத்திரிகையில் தொடராக வெளிவந்து 1891-இல் நூலுருப் பெற்ற அக்கதை, கடமையைப் பற்றிய ஆராய்ச்சி என்னும் உபதலைப்பையும் தாங்கியிருக்கிறது. சீமாட்டி விண்டர்மியர் அளிக்கும் விருந்தில் பாட்ஜர்ஸ் என்னும் கைரேகைக்காரர் இளம் பிரபுவான ஆர்தரின் உள்ளங்கையைப் பார்த்து முகம் வெளுத்துப் போகிறார். பின்னர் தனியே நெருக்கிக் கேட்கையில், அவன் கொலை செய்யப் பிறந்தவன் என்று உரைக்கிறார். ஸிபில் என்னும் கன்னிகையை மணக்க நிச்சயித்திருக்கும் ஆர்தர், இனி ஊழை எதிர்ப்பதா, பணிவதா என்று சற்றும் மயங்குவதில்லை. கொலைக் கறையோடு மனைவியின் வாழ்வில் புகுவது கண்ணியமாகாது, ஆகவே விவாகத்துக்கு முன்னரே அக்கடனை முடித்துவிட வேண்டும் என்று தீர்மானித்து, முகூர்த்தத்தையும் தள்ளிவைக்கிறான். மற்றொருவன் கல்யாணத்துக்குள் வீட்டுக் கடனை அடைக்க எவ்வளவு சிரத்தை காட்டுவானோ, அவ்வளவும் காட்டுகிறான். உறவினர் பட்டியலை எழுதி, யாரைக் கொன்றால் யாருக்கும் அதிக மனவருத்தம் நேராது என்று சீர்தூக்கிப் பார்த்து, நஞ்சைப் பற்றிய நூல்களைத் தன் சங்கத்தின் நூலகத்திலேயே தேடிப் படித்து, வெறிநோய் கண்ட பெரிய நாய் ஒன்றுக்கு வேண்டும் என்று மருந்துக் கடைக்காரரிடம் மரியாதையாகப் பொய் சொல்லி, அந்தக் குளிகையை வயோதிக உறவினளாகிய கிளெமெண்டினா சீமாட்டிக்கு நெஞ்செரிவு மருந்தென்று கொடுத்துவிட்டு வெனிஸுக்குப் போய்விடுகிறான். கிழவி தன் ஆயுள் முடிந்தே இறக்கிறாள். குளிகை பெட்டியிலேயே கிடக்கிறது. அதைக் கண்டெடுக்கும் ஸிபில் இனிப்பென்று எண்ணுமிடத்தில் வாசகன் மூச்சு ஒரு கணம் நின்று மறுகணம் நகைப்பாக வெளிப்படுகிறது.

இரண்டாம் முயற்சி சிசெஸ்டர் நகரத்துக் குருமாராகிய மாமனைக் கடிகார வெடிகுண்டால் மாய்ப்பது. ருஷ்யப் புரட்சிக்காரர் ஒருவரின் சிபாரிசின்பேரில் ஆர்தர் சென்று காணும் விங்கெல்காப் என்னும் ஜெர்மானியர், டைனமைட்டுக்கு ஏழு ஷில்லிங் ஆறு பென்ஸ், கடிகாரத்துக்கு மூன்று பவுன் பத்து ஷில்லிங், வண்டிக் கூலி ஏறக்குறைய ஐந்து ஷில்லிங் என்று கணக்குச் சொல்லி, தம் உழைப்புக்குக் கூலி வேண்டாம், கலைக்காகவே வாழ்பவன் நான் என்று மறுத்துவிடுகிறார். பிரபுவும் நான்கு பவுன் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸை மேஜைமீது எண்ணி வைக்கிறான். அந்தக் கூட்டுத்தொகை ஒரு பென்ஸ்கூடப் பிசகவில்லை என்பதை நான் பலமுறை வியந்திருக்கிறேன். ஒரு மனிதனைத் துண்டு துண்டாகச் சிதறடிப்பதற்கான செலவு, சலவைக்காரியின் பாக்கியைப் போல் கறாராகத் தீர்க்கப்படுகிறது. குண்டோ வெடிக்கவில்லை. சிறிது புகை கிளம்பி, கடிகாரத்தின் உச்சியிலிருந்த சுதந்திர தேவியின் பிரதிமை கீழே விழுந்து மூக்கு உடைந்ததென்று மாமனின் மகள் கடிதம் எழுதுகிறாள். அதன்பின் வீட்டுப் பையன்கள் அக்கடிகாரத்தில் வெடிமருந்து வைத்து நாள் முழுதும் சிறு வெடிகள் வெடித்து விளையாடுகிறார்கள் என்ற செய்தியை உடைப் பேச்சுக்கு நடுவே அவள் எழுதிச் செல்லும் பகுதி, இக்குறுநாவல் முழுவதிலும் தலைசிறந்ததென்பது என் துணிபு. மனமுடைந்த ஆர்தர் தேம்ஸ் நதிக் கரையில் நள்ளிரவில் உலவும்போது, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நிற்கும் பாட்ஜர்ஸையே கண்டு, காலைப் பிடித்து நதியில் தள்ளிவிடுகிறான். தற்கொலை என்று தீர்ப்பாகிறது, விவாகம் நடக்கிறது, இரண்டு அழகிய குழந்தைகளும் பிறக்கின்றன.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகைக்கு நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கைக் கூறுகிறது. மேல்நாட்டுக் கதையை நம் இலக்கண நூலால் அளப்பது முறையா என்று சிலர் முகம் சுளிக்கலாம். ஆயினும் இவ்விடத்தில் அந்த அளவுகோலே துல்லியமாகப் பொருந்துகிறது. வைல்டின் மீது வழக்கமாகச் சுமத்தப்படுவது எள்ளல்; அதாவது, அவர் உயர்குடியினரைக் கேலி செய்கிறார் என்பது. கைரேகையை நம்பிக் கெடுவது பேதைமை என்று வேறு சிலர் சொல்லக்கூடும். ஆனால் இக்கதையில் ரேகை பொய்க்கவே இல்லை. ஆர்தரிடம் நாம் காண்பது மடன்: பிறர் அறிவுறுத்தியதை ஏற்று, ஏற்றதை எக்காரணத்தாலும் விடாதிருத்தல் என்று உரையாசிரியர்கள் விளக்கும் அக்குணம். பெண்டிர்க்குரிய நற்குணங்களுள் ஒன்றாக அகத்திணையில் போற்றப்பெறும் அதே தன்மை, கொலைத் தொழிலில் புகுந்தவுடன் நகைக்குரியதாகிவிடுவது எவ்வளவு பொருள் செறிந்தது! குணத்தில் பழுதில்லை, அது கையிலெடுத்த காரியத்தில்தான் பழுது. ஓர் அலுவலகத்தின் தலைமை எழுத்தர் ஆர்தரைப் பார்த்துச் சிரிக்கும்போது, காலையில் தாம் கையொப்பமிட்டு அனுப்பிய கோப்பில் என்ன எழுதியிருந்தது என்று எண்ணிப் பார்க்காமலிருந்த அதே ஒழுங்கைக் கண்டே சிரிக்கிறார்.

அச்சத்தின் பங்கையும் மறுத்துவிட முடியாது. அயர்லாந்து விடுதலையை நாடிய ஃபீனியர் 1885 ஜனவரி 24 அன்று லண்டன் கோபுரத்திலும் பார்லிமெண்டு மாளிகையிலும் வைத்த குண்டுகள் வெடித்த செய்தி, இக்கதையை முதன்முதலாகப் படித்தவர்களின் நினைவில் பசுமையாக இருந்தது. இரண்டே ஆண்டுகளில் ஒரு குண்டு மூக்குடைந்த பொம்மையாக விழுவதைக் கண்டு அவர்கள் நகைத்தார்களென்றால், பயம் நீங்கிவிட்டதனால் நகைத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. பயத்தை ஓரிரு மணி நேரமாவது தம் கைக்கடக்கமான அளவுக்குச் சுருக்கிப் பார்க்க முடிந்ததே என்ற ஆறுதலால் நகைத்தார்கள்.

கொலையை நகைப்புக்கிடமாக்கும் இந்தக் கைவரிசை வைல்டு கண்டுபிடித்ததன்று. 1827-இல் தாமஸ் டி குவின்ஸி 'பிளாக்வுட்' பத்திரிகையில் கொலையை நுண்கலைகளுள் ஒன்றாக வைத்து மதிப்பிடும் ஒரு விநோத சொற்பொழிவை வெளியிட்டார். கொலை ரசிகர்களின் சங்கமொன்று அதில் கூடுகிறது. விங்கெல்காப் கலைக்காக வாழ்வதாகச் சொல்வது அந்தச் சங்கத்தின் எதிரொலியே. 1839-இல் டி குவின்ஸி அதற்கு இரண்டாம் பகுதி எழுதியபோது, சங்கத்தாரின் விருந்தில் வழிப்போக்கரைக் கொன்று கொள்ளையடித்த நம் நாட்டுத் தக்கர்களின் பெயராலும் மதுக் கிண்ணம் உயர்த்தப்பட்டது. ஆனால் 1854-இல் அவரே சேர்த்த பின்னுரையில், 1811-ஆம் ஆண்டு ராட்கிளிஃப் பெருந்தெருவில் நடந்த மெய்யான கொலைகளை விவரிக்கப் புகுந்ததும், ஹாஸ்யம் அடியோடு மறைந்துவிடுகிறது. வேலைக்காரப் பெண் கடைக்குப் போய்த் திரும்பிவந்து கதவைத் தட்டுகிறாள், உள்ளே காலடியோசை, மரக்கதவின் ஒருபுறம் அவள், மறுபுறம் கொலைஞன், இருவரும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு நிற்கிறார்கள். கொலையுண்டவர் வீட்டு வாசலில் வாசகனை நிறுத்திவிட்டால் பிறகு சிரிப்புக்கு இடமில்லை என்பதை அந்த ஆசிரியர் நன்கு உணர்ந்திருந்தார்.

ஃப்ரிட்ஸ் லைபரின் 'இல் மெட் இன் லாங்க்மார்' என்னும் 1970-ஆம் ஆண்டுக் குறுநாவல் இந்த எல்லையை வேண்டுமென்றே மீறுகிறது. திருடர் சங்கத்தின் மாளிகைக்குள் குடிபோதையில் பிச்சைக்காரர் வேஷம் பூண்டு நுழையும் இரு நண்பர்களின் கூத்து நம்மைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கையிலேயே, அச்சங்கத்தின் மந்திரவாதி ஏவிய மாயம் அவர்களுடைய காதலியர் இருவரையும் கொன்றுவிடுகிறது. வீடு திரும்பும் நண்பர்களோடு நாமும் சிரிப்பைத் தொலைக்கிறோம். கற்பனைக் கதை ரசிகர்களின் உலக மாநாட்டு உறுப்பினர்கள் தம் வாக்குகளால் வழங்கும் ஹியூகோ பரிசு 1971-இல் இதற்குக் கிடைத்தது. வாசகர்கள் வெறும் கேளிக்கையை மட்டுமே நாடுகிறவர்கள் என்போர் இந்த வாக்கெடுப்பைக் கருதிப் பார்க்க வேண்டும்.

தொழிலை ஒரு ஸ்தாபனமாகவே கட்டியெழுப்பியவர் டெரி பிராட்செட். அவருடைய தட்டை உலகத்தில் ஆங்க்-மார்ப்பார்க் என்னும் மாநகரத்தின் கொலைஞர் சங்கம், ஆங்கிலேயப் பிரபுக்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடம் போல் நடக்கிறது. கூலி பெறாமல் கொல்வது அங்கே பெருங்குற்றம், கறுப்புடை கட்டாயம். 1989-இல் வெளிவந்த 'பிரமிட்ஸ்' நாவலின் தொடக்கத்தில் டெப்பிக் என்னும் அரசகுமாரன் இறுதித் தேர்வு எழுதுகிறான், அல்லது ஏறுகிறான் என்பதே பொருத்தம், ஏனெனில் தேர்வு கூரைகளின்மேல் நடக்கிறது; கடைசியில் படுக்கையில் கிடக்கும் உருவத்தின்மீது அம்பெய்ய மனம் வராமல் வேறு பக்கம் எய்ய, அது எங்கெங்கோ பட்டுத் திரும்பி இலக்கிலேயே பாய்கிறது, இலக்கும் வெறும் பொம்மையாக இருக்கிறது, பையன் தேறிவிடுகிறான். 2002-இல் வந்த 'நைட் வாட்ச்' நாவலில் காவல் தலைவர் வைம்ஸ், தம்மைக் கொல்லப் பயிற்சிக்கு வந்து கழிவுக் குழியில் விழுந்த மாணவியோடு நயமாக உரையாடுகிறார். தம் பெயர் கொலைப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டுவிட்டது என்று கேட்டதும் அவருக்குச் சற்று ஏமாற்றமும் உண்டாகிறது. கௌரவம் குறைந்ததல்லவா!

ஆயினும் பிராட்செட் தம் சங்கத்தின் விதிகளை முழுவதும் நம்பவில்லை என்பதற்கு 1996-இன் 'ஹாக்ஃபாதர்' சான்று. குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவரும் தெய்வத்தையே கொல்லும்படி மூன்று மில்லியன் டாலர் கூலி பேசி, அதை டீடைம் என்னும் இளைஞனிடம் ஒப்படைக்கிறார்கள். அவனோ தொழிலில் களிப்பும் அடைகிறான். சங்கத் தலைவருக்கே அவனைக் கண்டால் உடல் கூசுகிறது. ஜார்ஜ் ஆர்வெல் 1944-இல் எழுதிய ஒரு கட்டுரையில், கனவான் திருடனாகிய ராஃபிள்ஸிடம் தர்ம நெறி இல்லாவிட்டாலும் செய்யத்தகாதவை என்ற சில வரம்புகளேனும் உண்டு, பிற்காலக் குற்றக்கதைகளில் பலத்தை வணங்கும் வெறி ஒன்றே மிச்சம் என்று வேறுபடுத்திக் காட்டினார். அந்த வேறுபாடு பிராட்செட்டின் சங்கத்துக்குள்ளேயே, தலைவருக்கும் டீடைமுக்கும் நடுவே ஓடுகிறது.

இங்கேதான் நான் பிராட்செட்டின் ரசிகர்களிடமிருந்து சிறிது விலகி நிற்க வேண்டியிருக்கிறது. களிப்போடு கொல்பவனைக் கெட்டவன் என்று பிரித்து வைத்துவிட்டால், களிப்பின்றிக் கொல்பவர்கள் நல்லவர்களாகிவிடுகிறார்கள். வாசகன் நிம்மதியோடு அவர்களோடு சேர்ந்துகொள்ளலாம். வைல்டு அந்த நிம்மதியை அளிக்கவில்லை. அவர் கதையில் கலைக்காக வாழும் உற்சாகியின் குண்டு புஸ்ஸென்று அணைந்துபோகிறது; உற்சாகமே இல்லாத, நல்ல குடும்பத்தில் பிறந்த, கடமையில் வழுவாத இளைஞனின் கைதான் காரியத்தை முடிக்கிறது, யாரும் அவனைச் சந்தேகிப்பதுமில்லை. நதியில் விழுந்த பாட்ஜர்ஸுக்குக் கதையில் ஒருவரும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. விண்டர்மியர் சீமாட்டி அவரை மோசக்காரர் என்று சொல்லிச் சலித்துக்கொள்வதோடு சரி. 1943-இல் ஒரு திரைப்படத்தின் பகுதியாகவும் 1952-இல் கான்ஸ்டன்ஸ் காக்ஸின் நாடகமாகவும் இக்கதை மறுபிறவி எடுத்ததற்கு அதன் சாமர்த்தியமான பேச்சுகள் மட்டும் காரணமல்ல. முடிவில் எவருக்கும் தண்டனை கிடையாது என்ற அந்தச் சிறு முள் உறுத்திக்கொண்டே இருப்பதும் ஒரு காரணம். குறுநாவலென்னும் அளவும் அதற்கு உதவியது: ஒரே கருத்தை ஒரே மூச்சில் அதன் கடைசி விளைவு வரை கொண்டுசெல்ல முடிகிறது, ஆசிரியர் இடையில் மனமிரங்கி யாரையும் காப்பாற்ற வேண்டிய அவசியம் நேர்வதில்லை.

ஆகவே பிராட்செட்டின் நாவல்களில் ஆசை கொண்டு இத்துறைக்குள் புகும் தமிழ் வாசகர்கள், முதலில் வைல்டின் இச்சிறு நூலை ஒரே அமர்வில் படித்துவிட்டு, அதன்பின் 'பிரமிட்ஸ்', 'நைட் வாட்ச்' என்னும் வரிசையில் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன். 'ஹாக்ஃபாதர்' கடைசியில் வரலாம்.