விரைவுத் தடமும் அரசின் ஆராய்ச்சிக் கொடையும்

பொதுமக்கள் இறுத்த வரிப்பணத்தை ஆராய்ச்சிக்கென அறிஞர் கையில் ஒப்படைக்கும்பொழுது அரசு அவரிடம் கேட்கத்தக்க கணக்கு யாது? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா கணனிக்கு மிக முந்தியது. 1945 யூலையில் வனேவர் புஷ் என்பார் சனாதிபதி துறூமனிடம் அளித்த அறிக்கை, பல்கலைக்கழகங்களில் நிகழும் அடிப்படை ஆராய்ச்சிக்கு அரசு பொருளுதவ வேண்டும் என்றும், அதன் போக்கை நிருணயிக்கும் உரிமை அறிஞர்பாலே நிற்றல் வேண்டும் என்றும் வற்புறுத்தியது. அக்கருத்தைத் தழுவி எழுந்த மசோதாவைத் துறூமன் 1947 இல் மறுத்தார். மக்களுக்குப் பொறுப்புக்கூறாத குழுவொன்றிடம் பொதுப்பணத்தை விடுதல் தகாது என்பது அவர் துணிபு. நிறுவனத்தின் தலைவரைச் சனாதிபதியே நியமிப்பது என்னும் இணக்கம் ஏற்பட்ட பின்னரே, 1950 மே 10 ஆம் நாள் தேசிய விஞ்ஞான நிறுவனம் சட்டவழித் தோன்றிற்று. பிற்காலத்து மின்னியல் விண்ணப்ப முறைகளை வெறும் இயந்திர வரலாறாக எழுதுவோர் இவ்விணக்கத்தை மறந்துவிடுகின்றனர். அம்முறைகளிற் காணும் படிவங்களுக்கும் கையொப்பங்களுக்கும் வேர் அங்கேதான் உண்டு.

1952 ஆம் நிதியாண்டில் இந்நிறுவனம் பெற்ற தொகை 35 இலட்சம் டொலர். 1957 இல் சோவியத் நாடு ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்கர் கலங்கினர். 1959 இல் அத்தொகை 13 கோடி 40 இலட்சமாயிற்று. பணம் பெருகவே தாளும் பெருகிற்று. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் பல பிரதிகள் எடுத்துத் தபாலில் அனுப்புதல், அவற்றை மதிப்பீட்டாளருக்குப் பகிர்தல், அவர் எழுதியவற்றைத் திரட்டுதல் என அலுவலகம் தாளிலே மூழ்கிக் கிடந்தது.

இனி, வலைத்தளங்களை எளிதிற் காண உதவிய மொசேக் என்னும் மென்பொருள் 1993 இல் இலினோய் பல்கலைக்கழகத்தின் மீக்கணனி நிலையத்தில் வெளிவந்தது. அந்நிலையமோ இந்நிறுவனத்தின் பொருளால் நடைபெற்றது. தான் கொடுத்த கொடையின் பயனைத் தன் கொடைமுறைக்கே அது பயன்படுத்திக்கொண்டமை சுவையானதொரு செய்தி. 1994 இல் தொடங்கிய அம்முயற்சிக்குப் ‘பாஸ்ட்லேன்’, அதாவது விரைவுத் தடம், எனப் பெயரிட்டனர். விண்ணப்பம் அனுப்புவதற்கு மட்டுமன்றி, மதிப்பீட்டை எழுதுவதற்கும், முடிவு தெரிந்தபின் விண்ணப்பித்தவர் தம்மைப் பற்றிய மதிப்புரைகளைப் படிப்பதற்கும் அது வாயிலாயிற்று. இப்பின்னதையே அதன் பெரும் நன்மையென யான் கருதுகிறேன். 2000 ஒக்டோபர் 1 முதல் விண்ணப்பங்கள் யாவும் அதன்வழியே வரவேண்டும் என விதிக்கப்பட்டது.

இதற்கிடையில், 1999 இல் நிறைவேறிய சட்டமொன்று அரசின் மானிய நடைமுறைகளை எளிமைப்படுத்தி ஒருங்கிணைக்குமாறு திணைக்களங்களைப் பணித்தது. நோக்கம் குறைகூறற்கரியது. ஒரே பல்கலைக்கழகம் பத்துத் திணைக்களங்களுக்குப் பத்து வகையாக விண்ணப்பிக்க நேர்ந்த காலம் அது. இதன் விளைவாகச் சுகாதார, மனித சேவைகள் திணைக்களத்தின் பொறுப்பில் ‘கிராண்ட்ஸ் டொட் கவ்’ என்னும் பொதுவாயில் 2003 இல் திறக்கப்பட்டது. ஆனால் அது முதலிற் கையாண்ட படிவ மென்பொருள் விண்டோஸ் கணனிகளுக்கென்றே அமைந்திருந்தது. மக்கின்டோஷ் கணனியைப் பயன்படுத்திய விஞ்ஞானிகள் பெரிதும் இடர்ப்பட்டனர். அடோபி படிவங்கள் பின்னரே வந்தன. எல்லார்க்கும் பொதுவென அமைத்த வாயில் சிலர்க்கு அடைத்த கதவாயிற்று.

உண்மையான சோதனை 2009 இல் நேர்ந்தது. பொருளாதார வீழ்ச்சியைத் தடுக்கப் பெப்ரவரி 17 ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட மீட்புச் சட்டம் தேசிய விஞ்ஞான நிறுவனத்துக்கு 300 கோடி டொலரையும், தேசிய சுகாதார நிறுவகங்களுக்கு ஏறக்குறைய 1,040 கோடி டொலரையும் அளித்தது. சுகாதார நிறுவகங்கள் அறிவித்த ஒருவகை மானியத்துக்கு மட்டும் 20,000 க்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் குவிந்தன. பொதுவாயில் இப்பாரத்தைத் தாங்காது என்பதை முன்னுணர்ந்த வெள்ளை மாளிகையின் வரவுசெலவு அலுவலகம், மார்ச்சு மாதத்திலேயே, மாற்று வழிகளில் விண்ணப்பம் ஏற்கத் திணைக்களங்களுக்கு இடங்கொடுத்தது. ஒருமைப்பாட்டை வேண்டிய அரசே இடர் வந்தபோது பன்மையின் துணையை நாடியது! பழைய தனிவாயில்களை முற்றாக அழித்திருந்தால் அன்று பேராசிரியர் பலர் கடைசி நாளின் இரவிலே கைபிசைந்து நின்றிருப்பர்.

கணக்குக் கேட்கும் பணியிலும் இயந்திரம் மெல்ல நுழைந்தது. வேண்டிய பகுதிகள் யாவும் உளவோ என்று விண்ணப்பத்தைத் தானே சோதிக்கும் ஏற்பாடு 2013 இல் விரைவுத் தடத்திற் சேர்க்கப்பட்டது. எழுத்தர் ஒருவர் தொலைபேசியில் அழைத்து, விடுபட்ட தாளைக் கேட்டுவாங்கும் தயவு இயந்திரத்துக்கு இல்லை. அது வாங்க மறுக்கும், அவ்வளவே. பெரிய பல்கலைக்கழகங்களில் இவற்றைக் கவனிக்கவென்றே தனி அலுவலகம் உண்டு. சிறிய கல்லூரியிலோ, பாடம் நடத்தும் ஆசிரியரே விதிநூலையும் புரட்டவேண்டும். ஆகவே விதி ஒன்றாயினும் அதன் சுமை ஒன்றன்று.

2007 இல் தொடங்கிய ‘றிசேர்ச் டொட் கவ்’ என்னும் புதிய தளத்துக்கு விரைவுத் தடத்தின் பணிகள் ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. 2023 யனவரி இறுதியில் விண்ணப்பம் எழுதும் பணியும் அதனிடமிருந்து எடுக்கப்பட்டது. அப்போதும் விண்ணப்பதாரருக்கு விடப்பட்டவை இரு வாயில்கள்: ஒன்று நிறுவனத்தின் புதிய தளம், மற்றையது 2003 இல் திறந்த அதே பொதுவாயில்.