சட்டம் வளர்த்த மருந்துத் தொழில்

1959 செப்டம்பரில், அப்போது சென்னை உயர்நீதிமன்ற நீதிபதியாயிருந்த என். ராஜகோபால அய்யங்கார் நடுவணரசிடம் ஓர் அறிக்கையை அளித்தார். நாட்டின் காப்புரிமைச் சட்டத்தை, அதாவது பேட்டண்ட் சட்டத்தை, எவ்வாறு திருத்தலாம் என்று ஆராய்ந்து கூறுமாறு 1957-இல் அரசு அவரைக் கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கறிஞர்களைத் தவிர வேறெவரும் புரட்டிப் பார்க்க விரும்பாத ஏடு அது. ஆயினும் இன்று நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மாத்திரை அட்டையின் விலைக்கும் அந்த ஏட்டுக்கும் நேரான உறவு உண்டு.

அவ்வறிக்கை எடுத்துக்காட்டிய நிலைமை வியப்புக்குரியது. இந்தியாவில் வழங்கப்பட்ட காப்புரிமைகளுள் நூற்றுக்கு 80 முதல் 90 வரை அயல்நாட்டார் கையில் இருந்தன. அவற்றிலும் நூற்றுக்குத் 90-க்கு மேற்பட்டவை இந்நாட்டில் பயன்படுத்தப்படவே இல்லை. உரிமை பெற்றவர் இங்கே தொழிற்சாலை கட்டவில்லை. பிறர் கட்டுவதைத் தடுக்கவே உரிமையை வைத்திருந்தார். நிலத்தை உழாமல் வேலியை மட்டும் போட்டு வைத்தாற்போல் என்று சொல்லலாம். 1911-இல் ஆங்கில ஆட்சியாளர் இயற்றிய சட்டம் இதற்கு இடங்கொடுத்தது. அதன் விளைவையும் உலகம் அறிந்திருந்தது. மருந்து விலை மிகவும் உயர்ந்திருக்கும் நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்று, கெஃபாவர் தலைமையில் அமைந்த அமெரிக்க செனட் குழுவே கூறிற்று.

அய்யங்கார் சொன்ன வழி எளிமையானது. உணவுக்கும் மருந்துக்கும் பொருளின்மீது உரிமை தரலாகாது. அதைச் செய்யும் முறையின்மீது மட்டும் தரலாம். அல்வா கிண்டும் புதிய பக்குவம் ஒன்றைக் கண்டுபிடித்தவருக்கு அந்தப் பக்குவம் சொந்தம், அல்வாவே சொந்தமாகிவிடாது. வேறொருவர் வேறு பக்குவத்தில் கிண்டினால் அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க இயலாது. இக்கருத்து சட்டமாவதற்குப் பதினோர் ஆண்டுகள் பிடித்தன. 1970-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. முன்னர் 16 ஆண்டுகளாயிருந்த உரிமைக் காலம், மருந்து செய்முறைகளுக்கு ஏறக்குறைய ஐந்து முதல் ஏழு ஆண்டுகளாகக் குறுகியது.

இந்தத் திருத்தத்துக்காக வாதாடிய தொழிலதிபர்களுள் பம்பாயின் சிப்லா நிறுவனத்தார் முன்னணியில் நின்றனர். அலிகாரில் 1898-இல் பிறந்து, பெர்லினில் வேதியியல் பயின்று திரும்பிய குவாஜா அப்துல் ஹமீது 1935-இல் அந்நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அவர் மகன் யூசுஃப் ஹமீது, கேம்பிரிட்ஜில் நோபல் அறிஞர் அலெக்சாண்டர் டாடிடம் ஆராய்ச்சி செய்து பட்டம் பெற்று, 1960-இல் தந்தையின் தொழிலில் இறங்கினார். சட்டம் நடைமுறைக்கு வந்த 1972-லேயே தந்தை மறைந்தார். மகன் கைக்கு வந்தது ஒரு தொழிற்சாலை மட்டுமன்று. புதிதாகத் திறந்துவிடப்பட்ட ஒரு பாதையுமாகும்.

பணம் போடுகிறவன் முதலில் கேட்பது, போட்ட முதல் எவ்வழியில் திரும்பும் என்பதே. பொருளுக்கு உரிமை கிடைக்கும் நாட்டில் அவன் புதிய பொருளைத் தேடச் செலவிடுவான். முறைக்கு மட்டும் உரிமை கிடைக்கும் நாட்டில், தெரிந்த பொருளை மலிவாகச் செய்யும் முறையைத் தேடுவான். இந்திய முதல் இரண்டாவது வழியில் பாய்ந்தது. பிம்ப்ரியிலும் ஐதராபாத்திலும் அரசு முன்பே கட்டிவைத்த மருந்தாலைகளும், அவற்றில் பழகித் தேர்ந்த வேதியியலாரும் இல்லையேல், சட்டம் மட்டும் இதைச் சாதித்திராது. 1970-ஐ ஒட்டி உள்நாட்டு மருந்துச் சந்தையில் மூன்றில் இரண்டு பங்களவுக்கு அயல்நாட்டு நிறுவனங்கள் ஆண்டன. 2005-ஐ நெருங்கும்போது அவர்கள் பங்கு நாலில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இதற்கு ஒரு விலையும் கொடுத்தோம். புதிதாக ஒரு மருந்தைக் கண்டறியும் முயற்சியில் நம் முதலாளிகள் நெடுங்காலம் கைவைக்கவில்லை. பிறர் கண்டதைச் சிறப்பாகச் செய்வதோடு நிறைவு கொண்டனர். இந்தக் குறையைப் பேசாமல் அந்தச் சட்டத்தைப் புகழ்வது நேர்மையாகாது.

இனி எய்ட்ஸ் நோய்க்கு வருவோம். இந்தியாவில் அக்கிருமி இருப்பதை 1986-இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமன் குழுவினர் கண்டறிந்தனர். 1990-களின் நடுவில், மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால் நோயாளி பிழைத்து வாழ்கிறார் என்பது மேல்நாட்டில் நிலைபெற்றது. ஆனால் ஓராண்டு மருந்துக்கு ஆன செலவோ 10,000 டாலருக்கும் மேல். ஆப்பிரிக்காவில் ஊர் ஊராக மக்கள் மாண்டுகொண்டிருந்தார்கள்.

2001 பிப்ரவரியில், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டு அமைப்புக்கு, ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 350 டாலர், நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு, என்ற விலையில் மருந்து தர யூசுஃப் ஹமீது முன்வந்தார். விலையைவிடக் கருதத்தக்கது ஒன்றுண்டு. மேல்நாட்டில் அந்த மூன்று மருந்துகளும் மூன்று தனித்தனி நிறுவனங்களின் உடைமைகள். ஒன்றின் பொருளை மற்றொன்று தொட இயலாது. ஆகவே மூன்றையும் ஒரே மாத்திரையில் அடைப்பார் இல்லை. பொருளுரிமை இல்லாத இந்தியாவில் அதற்குத் தடையில்லை. சிப்லா அவற்றை ஒன்றாக்கி ‘டிரையோம்யூன்’ என்று பெயரிட்டது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. மருத்துவமனையே இல்லாத சிற்றூரிலும் அதைக் கொடுக்க முடிந்தது.

ஹமீதைக் கடற்கொள்ளையர் என்று ஏசியோரும் உண்டு. அருளாளர் என்று போற்றியோரும் உண்டு. அவர் வணிகர் என்பதே என் கணிப்பு. தம் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் நடக்க விடுகிறதோ அவ்வளவு தூரமும் துணிந்து நடந்த வணிகர். அந்நாட்களில் தென்னாப்பிரிக்க அரசின்மேல் 39 மருந்து நிறுவனங்கள் வழக்குத் தொடுத்திருந்தன. உலகெங்கும் எழுந்த கண்டனத்துக்குப் பிறகு, 2001 ஏப்ரலில் அவை வழக்கைத் திரும்பப் பெற்றன.

இதற்கிடையே கதவு சாத்தப்பட்டு வந்தது. 1995-இல் பிறந்த உலக வணிக அமைப்பின் உடன்படிக்கைப்படி, 2005 சனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் இந்தியா காப்புரிமை வழங்க நேர்ந்தது. ஆயினும் திருத்தத்தின்போது நாடாளுமன்றம் ஒரு தாழ்ப்பாளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டது. தெரிந்த மருந்தைச் சற்றே உருமாற்றி, குணத்தில் மேம்பாடு காட்டாமல், புதிய உரிமை கோர இயலாது என்பது மூன்றாம் பிரிவின் ‘ஈ’ உட்பிரிவு. அதைச் சோதித்த வழக்கும் சென்னையில்தான் தொடங்கியது. இரத்தப் புற்றுநோய்க்கான ‘கிளிவெக்’ மருந்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட உரிமையை 2006-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகம் மறுத்தது. 2007-இல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த உட்பிரிவு செல்லும் என்றது. 2013 ஏப்ரல் 1-இல் உச்சநீதிமன்றமும் உரிமையை மறுத்தது. மாதத்துக்கு ஏறத்தாழ 1,20,000 ரூபாயாகக் கூறப்பட்ட அம்மருந்தை இந்திய நிறுவனங்கள் சுமார் 10,000 ரூபாய்க்குக் கொடுத்துவந்தன. பல குடும்பங்களுக்கு அந்த வேறுபாடே உயிர்.

பழைய வழி இப்போது அப்படியே இல்லை. ஈரல் அழற்சிக்குரிய சோஃபோஸ்புவிர் மருந்தை அமெரிக்காவில் ஒரு முழுச் சிகிச்சைக்கு 84,000 டாலர் என்று விற்ற கிலியட் நிறுவனம், 2014 செப்டம்பரில் ஏழு இந்திய நிறுவனங்களுக்கு அதைச் செய்து 91 நாடுகளில் விற்க உரிமம் அளித்தது. ஒப்பமிட்ட ஏழனுள் சிப்லாவும் ஒன்று.