டிஃபரென்ஷியல்
பந்தயக் கார்ப் பித்துடைய நண்பரொருவர், தம் பழைய பி.எம்.டபிள்யூ எம்3 வண்டியில் தேய்ந்துபோன ‘லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலை முடுக்கவேண்டும்’ என்றார். ஆனால் திருகாணியைத் திருகுவதையும் குதிரையை விரட்டுவதையும் குறிக்கும் முடுக்குதலுக்கு, உராய்வுத் தகடுகள் அடுக்கிய அந்தக் கூட்டுக்குள் வேலையே இல்லை. தேய்ந்து மெலிந்தவற்றை அகற்றிப் புதிய, வேண்டுமாயின் சற்றே தடித்த, தகடுகளை இட்டு, குலைந்த அமுக்கத்தை மீட்பதே அங்கே நடக்கும் காரியமாதலின், நெருக்கி அழுத்துதல் என்னும் பொருளும் உடைய ‘இறுக்குதல்’ என்பதே பொருந்தும். ‘வேறு வேறாகக் கொண்டுசெல்’ என்னும் லத்தீன் வினையில் பிறந்து, காலகதியில் பேதம் என்ற அர்த்தத்துக்கு மாறி, கணித சாஸ்திரத்தில் நுண்ணிய மாற்றத்துக்குப் பெயரான டிஃபரென்ஷியல், வளைவில் வெளிச்சக்கரம் விரையவும் உட்சக்கரம் தயங்கவும் இடங்கொடுத்து எஞ்சினின் சக்தியை இருபுறமும் பிரித்தனுப்பும் பல்லிணைக்கு வழங்கியபோது, தன் ஆதிப்பொருளையே ஒருவாறு மீண்டும் எய்தியது விநோதந்தான். லிமிடெட் ஸ்லிப் வகையில், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கி வீணே சுழலாதபடி தடுப்பது தகடுகளின் கடமை. கணிதத்துக்குரிய ‘வகையீடு’ என்ற சொல்லை டிஃபரென்ஷியலின்மேல் ஏற்றுவோர் உண்டு. எனக்கு அது உவப்பில்லை. ‘வேற்றுச்சுழல் பல்லிணை’ என்றும், தகடுடையதை ‘நழுவல் அடக்கிய பல்லிணை’ என்றும் சொல்லலாம். பட்டறையில் மட்டும் டிஃபரென்ஷியல் என்றே கேளுங்கள்.