முத்தம் இல்லாத உறங்கும் அழகி

பேத்தியோடு டிஸ்னியின் 'ஸ்லீப்பிங் பியூட்டி' (1959) பார்த்தேன். நகை பதித்த புத்தகம் திறந்து கதை தொடங்குகிறது. ஜோடி ஆடும்போது புத்தகம் மூடுகிறது. சுபம்.

புதுவையில் பிரெஞ்சுப் பள்ளியில் நாங்கள் படித்த பெரோவின் கதை (1697) வேறு. அதில் முத்தமே கிடையாது! நூறு வருஷக் கெடு முடிகிறது, இளவரசன் மண்டியிடுகிறான், அவள் விழிக்கிறாள். முத்தம் கிரிம் சகோதரர்களின் 1812 தொகுப்பில் உள்ளது. நூறு வருஷத்தைப் படம் ஒரே ராத்திரியாக்கிவிட்டது. இளவரசன் அந்நியனாக இருக்கக்கூடாதென்று முன்பே காட்டில் சந்திக்க வைத்து, பாட்டும் பாடவிட்டார்கள். நம்ம சினிமா போலத்தான்.

பெரோவில் கல்யாணம் பாதிக் கதை. மாமியார் நரமாமிசம் தின்னும் ராட்சசி. பேத்தி ஒரோரைக் குழம்பு வைத்துக் கேட்கிறாள். அந்தப் பேத்தியின் பெயரைத்தான் படத்தில் தாய்க்கு வைத்திருக்கிறார்கள்.

"அப்புறம் என்ன ஆச்சு தாத்தா?" என்றாள் என் பேத்தி. மருமகள் முறைத்தாள். சொல்லிவிட்டேன்.