பொருநைக் கரையின் கீறற்குறிகளும் அவற்றைப் படியெடுக்கும் முறையும்

திருநெல்வேலி மாநகரின் வடபகுதியாய் விளங்கும் தச்சநல்லூர், தச்சர் என்னும் தொழிலாளர் பெயரைத் தன் பெயரிற் பொதிந்து நிற்பதோர் ஊர். பொருளைச் செய்தாரும் உடையாரும் அதன்மேல் தமக்குரிய அடையாளம் இடுதல் தொன்றுதொட்ட வழக்கமாம். அதனையொத்த பழங்குறிகள், பொருநையாறு கடல்நோக்கிச் செல்லும் வழியில் ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை முதலிய இடங்களில் மட்கல ஓடுகளின்மேற் கிடைத்துள்ளன. அவை உடையவர் அடையாளமோ, குலக்குறியோ, எழுத்தின் முன்னிலையோ என்பது இன்னும் முடிந்த முடிபாகவில்லை.

ஆதிச்சநல்லூரை 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஜாகோர் முதற்கண் அகழ்ந்தார். 1899 முதற் சில ஆண்டுகள் அலெக்ஸாந்தர் ரீ அகழ்ந்தார். நூறாண்டு கழிந்தபின், 2004-ல் இந்தியத் தொல்லியல் துறையினர் சத்தியமூர்த்தி தலைமையில் மீண்டும் அப்பணியைத் தொடங்கினர். அப்போது கிடைத்த தாழியொன்றன் உட்புறத்தே தமிழ்-பிராமி எழுத்துகள் உள்ளன என 2005-ல் செய்தி பரவிற்று. அவ்வாசிப்பை அறிஞர் அனைவரும் ஒப்பினாரல்லர். கீறலோ, சூளையிற் பட்ட வடுவோ, உப்புப் பூத்த கறையோ என்னும் ஐயம் இத்தகைய இடங்களில் எழுதல் இயல்பே. ஒருவர் கண்டெழுதிய படியைக்கொண்டு மற்றொருவர் வழக்காடின் அவ்வழக்கு முடிவதெங்ஙனம்?

கல்வெட்டுக்கு மைப்படி எடுக்கும் முறை பலரும் அறிந்ததே. நனைத்த தாளைக் கல்லின்மேல் ஒட்டித் தூரிகையால் அடித்து மை ஒற்றினால், எழுத்து வெண்மையாய் எஞ்சும். மயிரிழை போன்ற ஓட்டுக்கீறலுக்கு இம்முறை ஏலாது. ஆகலின் கையால் வரைதலே நெடுநாள் வழக்காயிற்று. வரைபவன் கண் தான் விரும்பியதைக் காணும். கை அதனையே வரையும். சுடுமுன் கீறியதாயின் கோட்டின் இருமருங்கும் மண் சற்றே பிதுங்கி மழுங்கியிருக்கும். சுட்டபின் கீறியதாயின் விளிம்பு சிதறியிருக்கும். வரைபடத்தில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறைந்துவிடும். ஒரு கீறல் மற்றொன்றை வெட்டிச் செல்லுமிடத்து எது முந்தியது என்பதும் அவ்வாறே. இச்சிறு குறிப்பின் பெருமையைக் காலிபங்கன் ஓடொன்று காட்டிற்று: மேற்பட்டுக் கிடந்த கீறல்களின் முறையை நோக்கியே பி. பி. லால் 1966-ல் சிந்துவெளி எழுத்து வலமிருந்து இடஞ் செல்வதென நிறுவினார்.

2001-ல் மால்ஸ்பெண்டர் என்பாரும் அவர் துணைவரும் வெளியிட்ட முறை இக்குறையைப் பெரிதும் நீக்கவல்லது. ஓட்டையும் புகைப்படக் கருவியையும் அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளில் மாற்றி, ஐம்பது அறுபது படங்கள் எடுப்பர். அருகில் வைத்த கரிய பளபளப்பான சிறுகோளத்தில் ஒளிப்புள்ளி விழுமிடம், விளக்கு நின்ற திசையை உணர்த்தும். இவற்றினின்று கணினி, ஓட்டின் மேற்பரப்பு ஒவ்வோரிடத்தும் எப்பக்கம் சாய்ந்துள்ளது எனக் கணிக்கும். அதன்பின் ஓட்டைத் தொடாமலே, திரையில் ஒளியை வேண்டிய பக்கம் சாய்த்துச் சாய்த்து எவரும் தாமே நோக்கலாம். ஐயுறுவாரும் காண்பதே இதன் சிறப்பு.

இச்சிறப்பு இன்று மிக வேண்டப்படுவது. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை சார்பில் இராசனும் சிவானந்தமும் 2025-ல் வெளியிட்ட ஆய்வு, 140 இடங்களிற் கிடைத்த 15,184 ஓடுகளை எண்ணி, அக்குறிகளில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு சிந்துவெளிக் குறிகளை ஒத்துள்ளன என்கிறது. வடிவொப்புமை ஒன்றே உறவை நாட்டாது. கட்டமும் ஏணியும் மீனும் எவரும் வரையத்தக்கன. எனினும் ஒப்புமை கூறுவோர்க்கும் மறுப்போர்க்கும் படியின் செம்மையே முதற்படி.

ஓட்டைப் பேணுதலும் உடன் வேண்டும். உப்பேறிய ஓட்டை நன்னீரில் ஊறவைத்து உப்பை வாங்காவிடின், உலருங்கால் மேற்றோல் உரிந்து குறியும் உதிரும். வன்றூரிகையால் தேய்த்தலும், படத்தில் தெளிவுபெறச் சுண்ணம் அப்புதலும் தீது. மின்படமும் அழியாததன்று, ஏட்டுச்சுவடியைப் போல் காலந்தோறும் பெயர்த்து வையாவிடின் அதுவும் ஒழியும்.

ஓடுகளையேனும் பேழையில் வைக்கலாம். சீவலப்பேரிக்கு அணித்தாய மறுகால்தலைப் பாறையில், 1906-ல் அறியப்பட்ட தமிழ்-பிராமிக் கல்வெட்டோ வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதனைச் சில ஆண்டுகளுக்கொருமுறை இவ்வாறு படமெடுத்து ஒன்றோடொன்று ஒப்பிடின், எவ்வெழுத்து எத்துணை தேய்ந்தது என்பதை அறியலாம்.