கடல் கடந்த பரம்பரைச் சொத்து: சோழமண்டலக் கரைத் துணிகள்

சதுரங்கப்பட்டினம் செங்கல்பட்டு மாவட்டத்தில் கல்பாக்கத்தை அடுத்துள்ள கடற்கரை ஊர். டச்சுக்காரர் வாயில் இது 'சத்ராஸ்' ஆயிற்று. 17ஆம் நூற்றாண்டில் அவர்களை இங்கு இழுத்தது துணி. மெல்லிய மஸ்லினுக்கு இவ்வூர் பேர்பெற்றிருந்தது. 1824ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஊர் ஆங்கிலேயர் கைக்கு மாறியது. செங்கற்கோட்டையின் மிச்சமும் அதனுள் உள்ள டச்சுக் கல்லறைகளும் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளன.

டச்சுக் கம்பெனி இக்கரையில் வாங்கிய துணி எல்லாம் ஐரோப்பாவுக்குப் போகவில்லை. மலுக்கு முதலிய தீவுகளில் கிராம்புக்கும் சாதிக்காய்க்கும் விலையாகப் பெரும்பங்கு கொடுக்கப்பட்டது. அப்படிக் கிழக்கே போன துணிகளில் சில சுலாவெசித் தீவின் மலைநாட்டை எட்டின. அங்கு வாழும் தொரஜா மக்கள் பழைய இந்தியத் துணிகளை 'மாவா' என்று போற்றி, குடும்பச் சொத்தாகத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவருகின்றனர். அவற்றை ஈமச் சடங்கு முதலிய நாட்களில் மட்டுமே வெளியே எடுப்பர். இவற்றில் குஜராத்தில் அச்சிட்டவையும் உண்டு. அவற்றுட் சில கம்பெனி தோன்றிய 1602க்கும் முந்தியவை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. நெய்தவருக்கு இது முன்பணம் பெற்றுக் கெடுவுக்குள் கொடுக்க வேண்டிய சரக்கு. கம்பெனிக்குக் கணக்கில் ஒரு வரி. பத்திரப்படுத்தி மக்களிடம் ஒப்படைத்த வீட்டில்தான் அது பரம்பரைப் பொருளாயிற்று. இந்தோனேசியாவில் கிடைத்த பல துணிகளில் கம்பெனியின் முத்திரை உள்ளது. நெய்தவர் பெயரோ சாயமிட்டவர் பெயரோ அதில் இராது.

நெதர்லாந்திலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஹிண்டலோப்பன் என்னும் சிற்றூரில் பெண்கள் நம் கரையின் பூத்துணியில் நீண்ட மேலங்கி தைத்து அணிந்தனர். துக்க நாளுக்கு நீலமும் வெள்ளையும் கலந்த துணி.

இத்துணிகள் நூற்றாண்டுகள் தாங்கியதற்குச் சாயமுறையும் ஒரு காரணம். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். படிகாரம் தீட்டிய இடத்தில் சாயவேரின் சிவப்பு பற்றிக்கொள்ளும். எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. நீலத்துக்கு அவுரி, நீலம் ஏறக்கூடாத இடங்களை மெழுகால் மறைப்பர். கறுப்பு, துருப்பிடித்த இரும்பை வெல்லநீரில் ஊறவைத்து எடுப்பது. அந்த இரும்பே நாளடைவில் நூலை அரித்துவிடும். பழந்துணிகளில் பூவின் சிவப்பு மங்காதிருக்க, அதைச் சுற்றிய கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்து பொத்தலாகியிருப்பதைக் காணலாம்.